பழைய காருக்கு எல்இடி பல்பு போடலாமா? ஹெட்லைட்டின் நூற்றிச் சொச்சம் வருடக் கதை

போன வருஷம் ஒரு மழை ராத்திரி. எமர்ஜென்சி டூட்டி. ஐம்பது வயதைத் தாண்டின ஒருத்தரைக் கைத்தாங்கலாகக் கூட்டிட்டு வந்தாங்க. டூவீலர்ல வந்தவர், ரோட்டோரம் நின்னுட்டிருந்த டிராக்டர் டிரெய்லர்ல இடிச்சிருக்கார். காலர் எலும்பு முறிவு, நெற்றியில் ஏழு தையல். நல்ல வேளை, ஹெல்மெட் போட்டிருந்தார்.

தையல் போட்டுக்கிட்டே என்ன ஆச்சுன்னு கேட்டேன். "எதிர்ல ஒரு கார் சார். வெள்ளை வெளேர்னு லைட்டு. அது தாண்டிப் போனப்புறம் ரெண்டு மூணு செகண்டு ஒண்ணுமே தெரியல சார். அப்புறம் டிரெய்லர்தான் தெரிஞ்சுது."

எனக்குச் சுருக்குன்னு இருந்தது. அந்தக் கார் என்னுடையது இல்லை. ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டிருந்த என் காரும் அப்படித்தான். அப்பா வாங்கிய 2003 மாடல். ஹெட்லைட் மங்கலா இருக்குன்னு மூணு வாரம் முன்னாடிதான் ஹாலஜன் பல்பைக் கழற்றிவிட்டு எல்இடி பல்பு போட்டிருந்தேன். "பகல் மாதிரி இருக்கும் சார்" என்று கடைக்காரர் சொன்னார். இருந்தது. எனக்கு.

அன்று ஆரம்பித்த வாசிப்புதான் இந்த இழை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க. கார் பற்றித் தெரியாதவர்களும் படிக்கலாம். பாதிக்கு மேல் கண்ணைப் பற்றிய கதைதான்.

முதல் கார்களுக்கு விளக்கு என்றால் நெருப்புதான். மாங்காயைப் பழுக்க வைக்கிறாங்கன்னு அதிகாரிகள் அடிக்கடி பறிமுதல் செய்வாங்களே, அதே கார்பைடு கல். அதன்மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டால் அசிட்டிலீன் வாயு வரும். அதைக் கொளுத்தினால் பளிச்சென்ற வெள்ளைச் சுடர். மழைக்கும் காற்றுக்கும் எண்ணெய் விளக்கைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கும். அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் கார்ல் ஃபிஷர் என்பவர் இந்த வாயுவைச் சிலிண்டரில் அடைத்து விற்றே பெரும் பணக்காரர் ஆனார். பின்னாளில் அந்த ஊரின் புகழ்பெற்ற பந்தயத் தளத்தை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர்.

மின்விளக்கு 1898லேயே கொலம்பியா என்ற மின்சாரக் காரில் வந்துவிட்டது. ஆனால் பரவவில்லை. குண்டும் குழியுமான சாலையில் அன்றைய பல்பு இழை குலுங்கிக் குலுங்கி அறுந்துவிடும். இந்தச் சிக்கலைத் தீர்த்தவர் எங்கள் துறைக்கும் வேண்டப்பட்டவர்: ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் வில்லியம் கூலிட்ஜ். 1910 வாக்கில் டங்ஸ்டனை வளையக்கூடிய கம்பியாக இழுக்கும் வழியைக் கண்டுபிடித்தார். அதே டங்ஸ்டனை வைத்து 1913ல் அவர் செய்த எக்ஸ்ரே குழாய்தான் இன்றைய எக்ஸ்ரே குழாய்களுக்கெல்லாம் தாத்தா. உங்கள் நெஞ்சுப் படத்துக்கும் கார் விளக்குக்கும் ஒரே கம்பி.

1912ல் கேடிலாக் கார் மின்சார ஸ்டார்ட்டரும் மின்விளக்கும் சேர்த்து வந்தது. அத்தோடு கார்பைடு காலம் முடிவுக்கு வர ஆரம்பித்தது. கூடவே இன்னொன்றும் ஆரம்பித்தது: எதிரே வருபவரின் கண் கூசுவது.

இங்கேதான் நான் இத்தனை நாள் தப்பாக நினைத்திருந்தது புரிந்தது. ஹெட்லைட்டின் வரலாறு என்றால் வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டே போன கதை என்று நினைத்திருந்தேன். வெளிச்சம் கூட்டுவது சுலபமான பாதிதான். மீதிப் பாதி, வெளிச்சம் எங்கே போகக்கூடாது என்ற பிரச்சினை. அதற்குத்தான் பொறியாளர்கள் நூறு வருடமாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

1917ல் கேடிலாக் ஒரு லீவர் வைத்தது. இழுத்தால் விளக்கு கீழ்நோக்கிச் சாயும். 1924ல் ஓஸ்ராமின் பைலக்ஸ் பல்பு வந்தது. ஒரே கண்ணாடிக்குள் இரண்டு இழைகள், ஒன்று டிம், ஒன்று பிரைட். டிம் இழைக்குக் கீழே ஒரு குட்டி உலோகக் கிண்ணம். அந்தக் கிண்ணத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வரும். அப்புறம் காலால் மிதித்து மாற்றும் டிம் சுவிட்ச். பழைய அம்பாசடர், லாரி ஓட்டினவர்கள் இடது கால் பக்கம் தரையில் அந்தக் குமிழை மிதித்திருப்பீர்கள்.

கண் கூசினால் என்னதான் ஆகிறது? 1920களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஹாலடே என்பவரும் இங்கிலாந்தில் ஸ்டைல்ஸ் என்பவரும் இதை அளந்து பார்த்தார்கள். கண்ணுக்குள் நுழையும் ஒளி முழுக்க நேராக விழித்திரைக்குப் போவதில்லை. கருவிழியிலும் லென்ஸிலும் கொஞ்சம் சிதறுகிறது. அந்தச் சிதறல் விழித்திரை முழுக்க ஒரு மெல்லிய வெள்ளைத் திரைபோல் படர்கிறது. ஜன்னலுக்கு நெட் திரை போட்ட மாதிரி. திரைக்குப் பின்னால் பொருள் அங்கேயேதான் இருக்கிறது. கறுப்புக்கும் சாம்பலுக்குமான வித்தியாசம் மட்டும் கரைந்துபோகிறது. விளக்கு இல்லாமல் நிற்கும் டிரெய்லர், கறுப்புச் சேலையில் ரோட்டைக் கடக்கும் பாட்டி, எருமை மாடு எல்லாம் கரைவது இப்படித்தான்.

அவர்கள் கண்ட சூத்திரத்தின் சாரம் இது: கண் கூச வைக்கும் விளக்கு, நீங்கள் பார்க்கும் திசைக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவுக்கு இந்தத் திரை அடர்த்தியாகும். நெருக்கம் இரண்டு மடங்கானால் திரை நான்கு மடங்கு. குறுகலான இருவழிச் சாலையில் எதிர்க் கார் எவ்வளவு நெருக்கத்தில் வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு சங்கதி, வயசு. 65 வயதுக் கண்ணில் இந்தச் சிதறல் இளைஞரின் கண்ணில் இருப்பதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. கண்புரை ஆரம்பித்திருந்தால் இன்னும் மேலே. இருபத்தைந்து வயதுப் பையன் "எனக்கு ஒண்ணும் கூசலையே" என்று சொல்வது உண்மைதான். அவன் எதிரே வரும் பெரியவருக்கு அது உண்மை இல்லை.

அப்போ விளக்கே வேண்டாமா? அந்தப் பரிசோதனையும் நடந்திருக்கிறது. 1939 செப்டம்பரில் போர் தொடங்கியதும் பிரிட்டன் முழுக்க இருட்டடிப்பு. தெருவிளக்கு கிடையாது, கார் விளக்குக்கும் முகமூடி. அந்த மாதமே சாலைச் சாவு முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ இரட்டிப்பு. மன்னருக்கே அறுவை மருத்துவராக இருந்த வில்ஃபிரெட் டிராட்டர், பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கசப்போடு எழுதினார்: ஜெர்மன் விமானப்படை ஒரு விமானத்தைக்கூட மேலே ஏற்றாமல், காலணா செலவில்லாமல், மாதம் 600 பேரைக் கொன்றுகொண்டிருக்கிறது என்ற பொருளில். ஒரு சர்ஜன் ஹெட்லைட்டைப் பற்றி எழுத வேண்டி வந்ததை நினைத்தால், நானும் என் வேலையைத்தான் செய்கிறேன் என்று ஒரு சமாதானம்.

அமெரிக்கா 1940ல் வேறொரு வழியைப் பிடித்தது. பல்பு, ரிப்ளெக்டர், முன்கண்ணாடி மூன்றையும் ஒன்றாக வார்த்து மூடிவிடு. ஏழு அங்குல வட்டம், எல்லாக் காருக்கும் ஒரே அளவு. பியூஸ் போனால் மொத்தமாகத் தூக்கிப் போட்டுப் புதுசு மாட்டு. சீல்டு பீம் என்று பெயர். கார் ஆர்வலர்கள் இதைத் திட்டுவார்கள். நாற்பது வருடம் புதுமைக்குக் கதவை மூடிய சட்டம் அது, சரிதான். ஆனால் ஒரு விஷயத்தில் கெட்டிக்காரத்தனம். பல்பையும் டூமையும் பிரிக்கவே முடியாது. யாரும் எதையோ வாங்கி எதிலோ மாட்ட வழியில்லை.

பிரான்ஸ் 1936 முதல் மஞ்சள் விளக்குதான் போட வேண்டும் என்று சட்டம் போட்டு, 1993 வரை வைத்திருந்தது. பழைய பிரெஞ்சுப் படங்களில் கார்கள் பூனைக் கண்ணோடு வருவது அதனால்தான். மஞ்சளால் பார்வை கூடுகிறதா என்பது விவாதத்துக்குரியது. ஆனால் நீலம் கலந்த வெள்ளை, அதே அளவு வெளிச்சத்திலும் கண்ணை அதிகம் தொந்தரவு செய்கிறது என்பதைப் பின்னாளைய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இன்று நாம் மஞ்சளை விட்டு நீலத்தின் பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறோம், அதுவும் காசு கொடுத்து.

இப்போது ஹாலஜன். சாதாரண பல்பில் சூடான டங்ஸ்டன் ஆவியாகிக் கண்ணாடியில் கரி போலப் படியும். இழை மெலியும், கண்ணாடி கறுக்கும். 1950களில் ஜெனரல் எலக்ட்ரிக்கில் எல்மர் ஃப்ரிட்ரிச், எம்மெட் வைலி இருவரும் பல்புக்குள் துளி அயோடினைச் சேர்த்தார்கள். ஆமாம், நாங்கள் புண்ணில் தடவுகிற மருந்தில் இருக்கும் அதே அயோடின். ஆவியான டங்ஸ்டனை அது பிடித்து, திரும்ப இழைக்கே கொண்டுபோய்ச் சேர்க்கும். கண்ணாடி கறுக்காது. இழையை இன்னும் சூடாக்கலாம், அதனால் ஒளியும் கூடும். காப்புரிமை 1959ல் கிடைத்தது. உறை குவார்ட்ஸ். அதை வெறும் விரலால் தொட்டால் வியர்வை உப்பு பட்ட இடம் கெட்டுப்போகும். எங்கள் தியேட்டர் விளக்குக்கு ஹாலஜன் பல்பு மாற்றும்போது காஸ் துணியால் பிடிப்பதும் இதனால்தான்.

1962ல் ஐரோப்பியக் கம்பெனிகள் சேர்ந்து எச்1 என்ற முதல் கார் ஹாலஜனைக் கொண்டுவந்தன. அதில் ஒரே இழை. 1971ல் எச்4: இரண்டு இழைகள், 60/55 வாட். நம் ஊர்ப் பழைய கார்களில் பெரும்பாலும் இருப்பது இதுதான். என் அப்பா காரிலும் இதுதான்.

இந்த எச்4ஐக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்க. நான் ஸ்லிட் லேம்ப், மைக்ராஸ்கோப் எல்லாம் பார்த்தவன். எனக்கே இதன் நுணுக்கம் ஆச்சரியமாக இருந்தது. பிரைட் இழை, ரிப்ளெக்டரின் குவியப் புள்ளியிலேயே உட்கார்ந்திருக்கிறது. டிம் இழை அதற்குக் கொஞ்சம் முன்னால். அதன் கீழே அந்தக் குட்டிக் கிண்ணம். அதனால் டிம் ஒளி ரிப்ளெக்டரின் மேல் பாதிக்கு மட்டுமே போய், அங்கிருந்து கீழ்நோக்கித் திரும்பிச் சாலையில் விழுகிறது. கிண்ணத்தின் ஒரு ஓரம் 15 டிகிரி சாய்த்து வெட்டப்பட்டிருக்கும். நம் ஊரில் அதன் பலன், ரோட்டின் இடது ஓரத்தில் மட்டும் ஒளி கொஞ்சம் மேலேறும்: நடந்துபோகிறவர், பெயர்ப்பலகை, மைல் கல் தெரிய. வலது பக்கம், எதிரே வருபவர் கண் இருக்கும் இடத்தில், கத்தியால் வெட்டின மாதிரி இருட்டு.

இவ்வளவும் நடப்பது, ஒரு மில்லிமீட்டர் சொச்சம் தடிமனுள்ள சுருள் ஒன்று சரியான இடத்தில் இருப்பதால். ரிப்ளெக்டரின் வளைவு முழுக்க அந்தச் சுருளை நம்பிக் கணக்குப் போடப்பட்டது. மைக்ராஸ்கோப்பில் பல்பு கொஞ்சம் நகர்ந்தால் பார்வைப் புலம் பாதி இருட்டாகுமே, அதே கதை. பல்பு தனி, டூம் தனி என்பது கடைக்காரரின் கணக்கு. ஒளிக்கு இரண்டும் சேர்ந்து ஒரே உறுப்பு.

இந்த ஜோடியைப் பிரிக்கும் ஆசை எல்இடியோடு வந்ததில்லை. அதற்கு முன்னால் நம்மவர்கள் 100/90 வாட் பல்பும் ரிலே கிட்டும் போட்டார்கள். ஹோல்டர் உருகிச் சிலர் வயரிங்கே கருகியது. 1991ல் பிஎம்டபிள்யூ 7 சீரிஸில் செனான் விளக்கு வந்தது. அந்த வெளிச்சத்துக்கு ஐரோப்பிய விதிகள், பாரம் ஏறினாலும் விளக்கின் சாய்வைத் தானாகச் சரிசெய்யும் கருவியும், கண்ணாடி கழுவும் கருவியும் கட்டாயம் என்றன. நம் சந்தைக்கு அந்த இரண்டும் இல்லாமல் பல்பு மட்டும் கிட்டாக வந்து சேர்ந்தது. இதற்கெல்லாம் போலீஸும் ஆர்டிஓவும் கண்ட மருந்து உங்களுக்குத் தெரியும்: ஹெட்லைட்டில் கறுப்பு ஸ்டிக்கர், அதற்கு முன்னால் கறுப்புப் பெயின்ட். சிரிப்பாக இருக்கலாம். ஆனால் எதிராளியின் கண்ணைப் பற்றி யோசித்த ஒரே வைத்தியம் அதுதான்.

எல்இடி கதையைச் சுருக்கிச் சொல்கிறேன். சிவப்பு 1962லேயே வந்துவிட்டது, நிக் ஹோலன்யாக். நீலம் வரத்தான் முப்பது வருடம் ஆச்சு. ஜப்பானில் அகாசாகி, அமானோ ஒரு பக்கம். நிச்சியா கம்பெனியில் நாகமுரா இன்னொரு பக்கம். 1993ல் நாகமுராவின் பிரகாசமான நீல எல்இடி அறிவிக்கப்பட்டது. நீலத்தின்மேல் மஞ்சள் பாஸ்பர் பூசினால் வெள்ளை. 2014ல் மூவருக்கும் நோபல். நாகமுராவுக்குக் கம்பெனி கொடுத்த ஊக்கத்தொகை 20,000 யென் என்பதும், அவர் வழக்குப் போட்டு 2005ல் 84 கோடி யென்னுக்குச் சமரசமானதும் தனி இழைக்கான கதை.

2007ல் லெக்ஸஸ் எல்எஸ் 600எச் டிம் லைட்டாக எல்இடியைப் போட்டது. 2008ல் ஆடி ஆர்8, முழு ஹெட்லைட்டும் எல்இடி. இந்தக் கார்களில் யாரும் பழைய டூமில் புது பல்பைச் சொருகவில்லை. எல்இடிக்கென்றே லென்ஸ், எல்இடிக்கென்றே வெப்பம் வெளியேற்றும் அமைப்பு. ஜோடியாகவே பிறந்தவை.

நான் வாங்கிய பல்புக்கு வருவோம். ஹாலஜன் இழை நாலாபக்கமும் ஒளி வீசும் ஒரு சுருள். எல்இடி பல்பிலோ ஒரு தட்டையான பலகை, அதன் இரண்டு பக்கமும் சில்லுகள். இரண்டுக்கும் நடுவே பலகையின் தடிமன். மேலும் கீழும் ஒளி குறைவு, பக்கவாட்டில் அதிகம். ரிப்ளெக்டருக்கு இது புரியாது. அது இன்னும் அந்தப் பழைய சுருள் அங்கே இருப்பதாக நினைத்தே ஒளியைத் திருப்புகிறது. விளைவு, வெட்டுக்கோடு கலங்கி, இருட்டாக இருக்க வேண்டிய இடத்தில் ஒளி சிந்துகிறது. இன்னொன்று: இழைக்குச் சூடு வேண்டும், எல்இடிக்குச் சூடு ஆகாது. அதனால் பின்னால் குட்டி ஃபேன். என் காரில் அதற்கு இடமில்லாமல் பின்பக்க ரப்பர் மூடியை வெட்டித்தான் மாட்டினார்கள். முதல் மழையிலேயே டூமுக்குள் ஆவி கட்டியது.

ஓட்டுபவருக்கு ஏன் பிரமாதமாகத் தெரிகிறது? பம்பருக்கு முன்னால் பத்துப் பதினைந்து மீட்டர் வெள்ளையாகப் பளபளக்கிறது. கண்ணின் பாப்பா அதற்கேற்பச் சுருங்குகிறது. தூரத்தில், உண்மையில் பிரேக் போட வேண்டிய இடத்தில், முன்னைவிடக் குறைவாகவே தெரியலாம். நமக்கோ எல்லாம் தெரிகிற திருப்தி. வலி மாத்திரை போட்டுக்கொண்டு குடல்வால் சரியாகிவிட்டது என்று வீட்டுக்குப் போகிற பேஷன்ட் மாதிரி.

ஜெர்மனியில் 2020ல் முதல்முறையாக ஓஸ்ராமின் ஒரு எல்இடி மாற்று பல்புக்குச் சாலை அனுமதி கிடைத்தது. எப்படித் தெரியுமா? பட்டியலாக. இந்தக் கார் மாடல், இந்த ஹெட்லைட் எண், இதில் மட்டும் போடலாம். ஒவ்வொரு ஜோடியாக அளந்து பார்த்துச் சேர்த்த பட்டியல். எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று டப்பாவில் அச்சடித்த பல்பு அங்கே சட்டவிரோதம்தான். இங்கே? வண்டியைக் கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு சொல்கிறது. 2019ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. கடையில் தாராளமாக விற்கிறது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அந்த மழை ராத்திரிக்கு மறுநாள், வீட்டம்மாவைக் காரை ஓட்டச் சொல்லிவிட்டு நான் தெருமுனையில் ஸ்கூட்டரில் உட்கார்ந்து பார்த்தேன். டிம்மில்தான் வந்தாள். என் காரை எனக்கே அடையாளம் தெரியவில்லை. பின்னால் இருந்த வேப்பமரம், எதிர்வீட்டுத் திண்ணை, அதில் படுத்திருந்த நாய் எதுவும் இல்லை. இரண்டு வெள்ளை ஓட்டைகள் மட்டும்.

அந்த வாரமே கழற்றிவிட்டேன். ஆனால் விளக்கு மங்கலாக இருந்தது என்னவோ நிஜம். அதற்குக் காரணம் வேறு. எங்கள் ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் மீட்டரை வைத்துக் காட்டினார்: என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.6 வோல்ட், பல்பு முனையில் 12. இருபது வருடப் பழைய வயரும் சுவிட்சும் நடுவில் விழுங்கிவிட்டன. 1.6 வோல்ட்தானே என்று தோன்றும். ஆனால் ஹாலஜனில் வோல்டேஜ் 10% குறைந்தாலே ஒளியில் சுமார் 30% போய்விடும். எனக்கு மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் வயரிலேயே தொலைந்திருக்கிறது. ரத்தசோகைக்காரருக்கு முகத்தில் பவுடர் போட்ட கதைதான் நான் செய்தது.

ஒரு ரிலே, கொஞ்சம் தடிமனான புது வயர், 60/55 வாட்டிலேயே நல்ல கம்பெனி ஹாலஜன் ஜோடி. மஞ்சள் பூத்துப்போன டூமின் முகப்பைத் தண்ணீர்த் தாள் போட்டுத் தேய்த்துப் பாலிஷ். கடைசியாகச் சுவரிலிருந்து பத்து மீட்டர் தள்ளி நிறுத்தி, டிம்மின் வெட்டுக்கோடு விளக்கின் உயரத்தைவிடப் பத்து சென்டிமீட்டர் கீழே விழுகிற மாதிரி ஸ்குரூவைத் திருகிச் சரிசெய்தோம். எல்இடிக்கு ஆன செலவைவிடக் குறைவு. பகல் மாதிரி இல்லை. ராத்திரி மாதிரிதான் இருக்கிறது, ஆனால் பள்ளம் தெரிகிறது.

அப்பாவுக்கு 74 வயது. ஒரு கண்ணில் புரை ஆபரேஷன் முடிந்தது, இன்னொன்று பாக்கி. போன வாரம் ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். எதிரே வரிசையாக வெள்ளை விளக்குகள். ஒவ்வொன்றுக்கும் கையை நெற்றியில் வைத்துக்கொண்டார். "இவனுங்க எல்லாம் எங்கப்பா இவ்ளோ அவசரமா வெளிச்சம் போட்டுட்டுப் போறானுங்க?" என்றார். நான் போட்டுக்கொண்டு திரிந்த மூன்று வாரத்தை அவரிடம் சொல்லவில்லை. கழற்றின எல்இடி ஜோடி இன்னும் கிளவ் பாக்ஸில்தான் கிடக்கிறது. கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டேன்னுட்டார்.